தண்ணீர் ஓடியதா

"ஞாபகம் இல்லை" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லச் சொல்லித்தான் அந்த அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். பாறசாலைக்குக் கீழே இருக்கும் அவருடைய ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி வெள்ளறடையில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ பிடித்து, கையில் ஒரு தூக்குவாளி நிறைய மீனோடு. மகன் பூவாரில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறவன். அந்த வீட்டில் மீனுக்குப் பஞ்சமில்லை. எனக்கோ வாரத்தில் ஒரு நாள்தான் ஓய்வு. அந்த நாளும் பார்த்து மீன் உரசிக் கழுவ வேண்டி வந்ததே என்று முதலில் ஒரு கடுப்பு. அவர் எதற்கு வந்தார் என்று தெரிந்த பிறகு வந்த கடுப்பு வேறு ரகம்.

நான் நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளை வைத்துப் பார்க்கும் பிரிவில் வேலை. அந்த அம்மாவின் பேத்தியையும் முப்பது நாளுக்கு மேல் பார்த்துக்கொண்டேன். பார்த்துக்கொண்டதோடு நிற்காமல் ஒரு காரியமும் செய்துவிட்டேன். இனி பிழைக்காது என்று எல்லாரும் நினைத்த ஒரு பகலில், குழந்தையின் நெற்றியில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தேன். அவர்கள் கத்தோலிக்கர்கள். நான் இந்து. மாலையில் விளக்கு வைத்து, செவ்வாயும் வெள்ளியும் அம்பலத்துக்குப் போகிறவள். பிரச்சினை அங்கேதான்.

"சிஸ்டரே, தப்பா நினைக்கப்படாது," என்றார் அந்த அம்மா, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து. "நிங்க செய்தது நல்ல மனசோடயாக்கும். எனக்குத் தெரியும். ஆனா அச்சன் இப்போ பிள்ளைக்கு வெள்ளம் ஊத்த மாட்டேன்னு சொல்லுதாரு. ஒருக்கா ஊத்தியாச்சுன்னா பின்ன ஊத்தப்படாதாம். நிங்களை விளிச்சு விசாரிக்கணுமாம். நிங்க வந்து ஞாபகம் இல்லைன்னு சொன்னா போரும்."

"எனக்கு ஞாபகம் உண்டே, அம்மா."

"உண்டும்னு எனக்கும் தெரியும். இல்லைன்னு சொல்லணும்னாக்கும் கேக்கேன்."

அவர் விளக்கினார். முதலில் கொடுத்த ஞானஸ்நானம் சரியாக நடந்ததா என்று சந்தேகம் இருந்தால், 'உனக்கு இதுவரை ஞானஸ்நானம் கிடைக்கவில்லை என்றால்' என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்துச் சொல்லி, அச்சன், அதாவது அவர்கள் பங்குச் சாமியார், மறுபடி தண்ணீர் ஊற்றலாமாம். சந்தேகத்துக்கு நான் இடம் கொடுத்தால் போதும். நூற்றைம்பது பேரை அழைத்தாயிற்று, பிரியாணிக்குச் சொல்லியாயிற்று, கார்டு அடித்தாயிற்று. இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, தலையில் ஒரு சொட்டு விழாமல் பிள்ளையை வீட்டுக்குத் தூக்கிப் போவதா?

"நாளைக்குக் கல்யாணம் பேசும்போ, இந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தது ஒரு..." என்று நிறுத்தினார்.

"ஒரு இந்துவாக்கும்னு சொல்லுவாங்க. அதானே?"

அவர் தலை குனிந்துகொண்டார். அதைப் பார்த்ததும் என் கடுப்பு பாதியாகிவிட்டது. பாதிதான்.

விஷயம் எப்படி வெளியே வந்தது என்பதையும் அவர்தான் சொன்னார். ஞானஸ்நானம் என்றால் சும்மா போய்த் தேதி வாங்கிவிட முடியாதாம். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் நகல், பெற்றோரின் திருமணச் சான்றிதழ் நகல், ஞானத்தாயும் ஞானத்தந்தையும் உறுதிபூசுதல் என்ற சடங்கும் முடித்த கத்தோலிக்கர்கள்தான் என்று அவரவர் பங்குச் சர்ச்சிலிருந்து ஒரு கடிதம், போதாததற்குப் பெற்றோருக்கு ஒரு சனிக்கிழமை முழுக்க வகுப்பு. எங்கள் ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் வாங்குவது இதைவிடச் சுலபம். வகுப்பு முடிந்ததும் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒரு கேள்வி, குழந்தைக்கு அவசர நிலையில் ஏற்கெனவே ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டதா என்று. மாமியார் தோளுக்குப் பின்னால் நின்று, "இல்லைன்னு எழுது" என்றிருக்கிறார். மருமகள் 'ஆம்' என்று எழுதி, அதற்கு அடியில் ஒரு கோடும் போட்டுவிட்டாள்.

அந்தக் கோடு எதற்கு என்று எனக்குத் தெரியும். இது அவளுக்கு இரண்டாவது பிள்ளை.

முதல் பிள்ளை ஆண். மூன்று வருடத்துக்கு முன் இதே ஆஸ்பத்திரியில் பிறந்தான். ஆறு மாதம்கூட நிறையாத பிரசவம். குழந்தையை வாங்கிக்கொள்ள என்னைப் பிரசவ அறைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, செய்வதற்கு ஒன்றுமில்லை, அம்மாவின் பக்கத்திலேயே வையுங்கள் என்றார். துணியில் சுற்றி வைத்தேன். உள்ளங்கை அளவுதான். நாற்பது நிமிடம் மூச்சு இருந்தது.

"யாராவது தண்ணி ஊத்துங்க," என்று அவள் கேட்டாள். "அச்சன் வாறதுக்குள்ள யாராவது ஊத்துங்க."

அன்றைய ஷிப்டில் கிறிஸ்தவ நர்ஸ் ஒருவரும் இல்லை. நான் சொன்னேன், "அச்சனுக்கு போன் போட்டாச்சு, இப்போ வந்திருவாரு."

அது பொய் இல்லை. அவளுடைய கணவன் வெளியே நின்று போன் போட்டிருந்தான். அச்சனும் உடனே கிளம்பியிருந்தார். ரோட்டில் வண்டிகள் நெருக்கிக்கொண்டு நின்றன. அவர் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அச்சன் முழங்காலிட்டு ஜெபித்தார், பிள்ளையைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கிறோம் என்று அவளுடைய கையைப் பிடித்துச் சொன்னார், சர்ச்சின் கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கமும் செய்து கொடுத்தார். அவர் குறை வைக்கவில்லை. ஆனால் வீட்டில் மாமியார், "எனக்க பிள்ளை வெள்ளம் வீழாம போச்சே" என்று மாதக்கணக்கில் அழுதாராம். குத்திக்காட்ட அல்ல, துக்கத்தில்தான். கேட்கிறவளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இதில் அவளுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. தண்ணீர் ஊற்ற எனக்குத் தெரியும்.

பதினெட்டு வயதில் நான் நர்சிங் படித்தது அக்கரையில், தமிழ்நாட்டுப் பக்கம், கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில். கட்டிலுக்கு விரிப்பு மடிப்பதற்கும் ஆரஞ்சுப் பழத்தில் ஊசி குத்திப் பழகுவதற்கும் நடுவில் ஒரு பிற்பகல் இந்தப் பாடம் நடந்தது. சாகக் கிடக்கும் குழந்தைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பெற்றவர்கள் விரும்ப வேண்டும், தண்ணீர் தலையில் ஓட வேண்டும், 'பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்' என்று சொல்ல வேண்டும், திருச்சபை எதைச் செய்கிறதோ அதைச் செய்கிறேன் என்ற எண்ணம் மனசில் வேண்டும். அவ்வளவுதான். வரிசையாக நின்று ரப்பர் பொம்மைக்கு ஊற்றிப் பழகினோம். ஒரே வருடத்தில் அந்தப் பொம்மை நாற்பது தடவை கிறிஸ்தவனாயிற்று. என் முறை வந்தபோது, கை நடுங்காமல் ஊற்றினேன் என்று கன்னியாஸ்திரி எல்லாரையும் கைதட்டச் சொன்னார்.

அப்படிப்பட்டவள்தான் அன்றைக்கு நாற்பது நிமிடம் சும்மா நின்றேன். பக்கத்திலேயே தண்ணீர்க் குழாய். இது நம் வேலை இல்லை, நாளைக்கு ஏதாவது பேச்சு வந்தால் யார் பதில் சொல்வது, அவர்கள் சாமி காரியத்தில் நாம் தலையிடலாமா என்றெல்லாம் மனசில் ஓடியது. எல்லாம் பயம். அந்தப் பயத்துக்கு நான் மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டேன். அந்தப் பெயரை வைத்துத்தான் மூன்று வருடம் தூங்கினேன்.

இரண்டாவது தடவை அவள் எட்டாம் மாதத் தொடக்கத்தில் வந்து சேர்ந்தாள். ஆபரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது என்னை அடையாளம் கண்டு கையைப் பிடித்தாள். "இந்தத் தடவை யாராவது ஊத்தணும் சிஸ்டர்" என்றாள். யாராவது என்றுதான் சொன்னாள். என்னை நினைத்துச் சொல்லவில்லை. நான் சரி என்றேன்.

பெண் குழந்தை. ஒன்றரைக் கிலோவுக்கும் கீழே. மறுநாள் காலை பதினொரு மணி இருக்கும், மூச்சு முட்டத் தொடங்கியது. உடம்பு நீலம் பாரித்தது. டாக்டர் தொண்டைக்குள் மூச்சுக் குழாய் போட ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். அம்மா மேல்மாடி வார்டில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். அப்பன் மருந்து வாங்கப் போயிருந்தான். "டாக்டர், இவங்க அம்மா ஒண்ணு கேட்டிருந்தாங்க, அரை நிமிஷம்" என்றேன். "வேகம்" என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல்.

ஊசிமருந்து கலக்கும் சுத்தத் தண்ணீர் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் வரும். ஒன்றை எடுத்து, குளிர்ச்சி போக உள்ளங்கைக்குள் இறுக்கி வைத்துக்கொண்டேன். பிறகு உடைத்து சிரிஞ்சில் எடுத்து, ஊசியைக் கழற்றிவிட்டு, நெற்றியில் மூன்று தடவை ஊற்றினேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். பதினெட்டு வயதில் படித்தது ஒரு எழுத்து மறக்கவில்லை.

டாக்டர் குழாய் போட்டார். பிள்ளை நிறம் திரும்பியது. அது டாக்டரின் கைத்திறமை. அதில் எனக்குச் சந்தேகமில்லை, நான் அற்புதம் பேச வரவில்லை. மேலே போய் அவளிடம், "ஊத்தியாச்சு. பிள்ளை இருக்கு" என்றேன்.

"அச்சன் வந்தாரா?"

"இல்லை. நான் ஊத்தினேன்."

அவள் என் நெற்றியைப் பார்த்தாள். காலையில் வைத்த சந்தனம் இருந்தது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

அந்த இடத்தில்தான் பொய் சொன்னேன். "கூடப் படிச்ச கிறிஸ்தவ நர்ஸ் ஒருத்தி உண்டு. அவகிட்ட போன்ல கேட்டுச் செய்தேன்" என்றேன். எனக்கு முன்னாலேயே தெரியும் என்று சொல்லியிருந்தால், அடுத்த கேள்வி மூத்தவனைப் பற்றி வந்திருக்கும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஞாபகம் இல்லை என்று சொன்னால் எல்லாருக்கும் லாபம். மாமியாருக்கு அச்சன் கையால் தண்ணீர். என் கணவருக்கு நிம்மதி. "நமக்கு என்னத்துக்கு இந்த வம்பு? நீ மதம் மாத்திவிட்டேன்னு நாளைக்கு அம்பலத்துல ஒருத்தன் கேட்டா என்ன சொல்லுவே?" என்று அவர் ஏற்கெனவே இரண்டு தடவை கேட்டிருந்தார். எனக்கோ எல்லாரையும்விடப் பெரிய லாபம்: நினைவே இல்லாதவளிடம், எங்கே படித்தாய் என்று யாரும் கேட்கப் போவதில்லை.

நஷ்டம் ஒருத்திக்குத்தான். பிள்ளை சாகக் கிடந்த அந்த நேரத்தில் வெறுங்கையோடு கிடக்கவில்லை என்று நம்பிக்கொண்டிருக்கிறவளுக்கு. மறுபடி ஊற்றினால், அன்றைக்கு நடந்தது ஒன்றுமில்லை என்று ஊர் கூடிச் சொன்னதாகிவிடும். அவள் என்னைத் தேடி வரவில்லை. கைப்பேசியில் ஒரு குரல்செய்தி மட்டும் அனுப்பியிருந்தாள். "எக்கா, உள்ளதை உள்ளபடி சொன்னா போரும்." பின்னால் பிள்ளை சிணுங்கும் சத்தம் கேட்டது.

மாமியாரிடம், "நான் வாறேன் அம்மா. ஆனா ஞாபகம் உண்டும்னுதான் சொல்லுவேன்" என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். மீன் தூக்கைத் திருப்பிக் கேட்கவில்லை; நானும் திருப்பிக் கொடுக்கவில்லை. குழம்பு வைத்தோம். உண்மை சொல்லப் போகிறவள் மீன் சாப்பிடக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

அடுத்த வாரம் சர்ச் அலுவலகத்தில் உட்கார்ந்தோம். மேசைக்கு அந்தப் பக்கம் அச்சன். முன்பு ஜெபிக்க வந்தவர் இல்லை, புதிதாக வந்தவர், என்னைவிட வயதில் சின்னவர். இந்தப் பக்கம் நான், மடியில் பிள்ளையோடு அவள், சுவரோரம் மாமியார். தகப்பன் படகில் இருந்தான். நானும் எத்தனையோ தடவை டாக்டர்களின் விசாரணைக்கு முன்னால் நின்றிருக்கிறேன். இவர் கேட்டது அதைவிட நுணுக்கம்.

"என்ன தண்ணி, சிஸ்டர்? மருந்து கலந்ததா?"

"வெறும் தண்ணி. ஒண்ணும் கலக்கல்ல."

"பஞ்சுல நனைச்சுத் தொட்டீங்களா, ஊத்தினீங்களா?"

"ஊத்தினேன். சிரிஞ்சில."

"தண்ணி ஓடியதா? நெற்றியில நனைஞ்சு நின்னுதா, ஓடியதா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அதுதான் முக்கியம்."

மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். சந்தேகத்துக்கு இதைவிட நல்ல வாசல் கிடைக்காது. இரண்டு மூன்று மில்லி தண்ணீர் ஓடியதா நின்றதா என்று ஐந்து மாதம் கழித்து யாரால் சத்தியம் செய்ய முடியும்?

என்னால் முடியும். "ஓடிச்சு அச்சோ. நெத்தியிலிருந்து இடது கன்னப்பொட்டு வழியா காதுக்கு இறங்கி, கீழே விரிப்பு நனைஞ்சு போச்சு. நனைஞ்ச துணியில கிடந்தா அந்த அளவு பிள்ளைக்கு உடம்புச் சூடு இறங்கிப் போகும். அதனால குழாய் போட்டு முடிஞ்சதும் முதல் வேலையா விரிப்பை மாத்தினேன். 'துணி மாற்றப்பட்டது'ன்னு என் கையால குறிப்பும் எழுதினேன். மூத்திரம்கூடப் போகாத பிள்ளைக்கு எதுக்குத் துணி மாத்தினேன்னு தலைமை நர்ஸ் அன்னைக்கே கேட்டா."

அச்சன் புன்னகைத்தார். "என்ன எண்ணத்தில செய்தீங்க? உங்களுக்கு இதில விசுவாசம் உண்டா?"

"இல்லை. இவங்க அம்மா கேட்டதைச் செய்தேன். உங்க சபை ஞானஸ்நானம்னு எதைச் செய்யுமோ அதைச் செய்யணும்னு நினைச்சுத்தான் செய்தேன்."

"அது போதும்," என்றார் அவர், எழுதிக்கொண்டே. பிறகு தலையைத் தூக்கி, "போன்ல கேட்டுச் செய்தீங்கன்னு இவங்க சொன்னாங்க. சொல்லித் தந்தவங்க சரியாச் சொல்லித் தந்திருக்காங்க. யார் அவங்க? அவங்க பேரையும் குறிச்சுக்கிறேன்" என்றார்.

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். அலுவலகத்துக்கு வரும் வழியெல்லாம் பஸ்ஸில் இதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். கூடப் படித்த ஒருத்தியின் பெயரைச் சொல்லியிருக்கலாம். அவளும் எனக்காக ஆமாம் என்றிருப்பாள். ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்ல வந்த இடத்தில், எனக்கு வசதியான உண்மையை மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. நான் அச்சனைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துச் சொன்னேன்.

"யாரும் போன்ல சொல்லித் தரல்ல. அது பொய். நர்சிங் முதல் வருஷத்திலேயே படிச்சேன். பதினேழு வருஷமா எனக்குத் தெரியும்."

அச்சனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்குப் பழைய கதை தெரியாது. மாமியாருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவளுக்கு உடனே புரிந்தது. பிள்ளையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

அச்சன் ஒரு பெரிய பதிவேட்டைத் திறந்தார். குழந்தையின் பெயர், பிறந்த நாள், பெற்றோர் என்று கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டு போனார். ஞானஸ்நானம் கொடுத்தவர் என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை அச்சன்மார்களின் பெயர்களாகவே இருந்தன. அதற்கு அடியில் என் பெயரை எழுதினார். அம்பலத்தில் அர்ச்சனைச் சீட்டில் எழுதும் அதே பெயர். என்னை ஞானத்தாயாக வைக்கலாமா என்று அவள் முன்பே கேட்டிருந்தாளாம். கத்தோலிக்கர் இல்லாததால் முடியாது என்று சொல்லிவிட்டாராம். மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்க எனக்குத் தகுதி இல்லை, பிள்ளையைக் கிறிஸ்தவளாக்க மட்டும் தகுதி உண்டு. அவர்கள் சட்டத்தை அவர்கள்தான் மெச்சிக்கொள்ள வேண்டும்.

"அப்போ அச்சோ, வெள்ளம் ஊத்தவே மாட்டியளா?" என்றார் மாமியார், கடைசி முயற்சியாக.

"பெத்த பிள்ளையை இன்னொருக்கா பெற முடியுமா, அம்மா? அதுபோலத்தான் இதுவும். மிச்சச் சடங்கு எல்லாம் செய்யலாம். தைலம் பூசலாம், வெள்ளை உடுப்பு போடலாம், திரி கொளுத்தலாம். தண்ணி மட்டும் முடியாது."

வெளியே வந்ததும் அவள் ஆட்டோவில் ஏறிவிட்டாள். வாறேன் என்றுகூடச் சொல்லவில்லை. ஆட்டோ வளைவில் திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். மனசு கனத்துத்தான் கிடந்தது. ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு நொடியும் தோன்றவில்லை.

பதினைந்து நாள் அவளிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. மாமியார்தான் போன் செய்தார். "சிஸ்டரே, ஞாயித்துக்கிழமையாக்கும். நிங்க வராம இருக்கப்படாது. வெள்ளம் ஊத்தாம எனக்க மானம் போகப் போவுது. அதைப் பாக்கவாவது வாருங்க." மருமகள் கூப்பிடச் சொன்னாளா என்று கேட்க நாக்கு வரை வந்தது, கேட்கவில்லை. கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் போவது என்று முன்னாலேயே முடிவு செய்திருந்தேன். என் கணவரும் வந்தார், பிரியாணிக்காக மட்டும் என்று அறிவித்துக்கொண்டு.

கடைசிக்கு முந்தின பெஞ்சில் உட்கார்ந்தோம். அச்சன் பிள்ளையின் பெயரைக் கேட்டார், நெற்றியில் சிலுவை போட்டார், வாசகம் படித்தார். தண்ணீர்த் தொட்டி அருகே வந்து நின்று, இந்தக் குழந்தை ஆபத்து நேரத்தில் ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றுவிட்டது, அதற்கு நன்றி சொல்வோம் என்று கூறி, நேராகத் தைலக் குப்பியை எடுத்தார். உச்சந்தலையில் பூசினார். வெள்ளை உடுப்பு போட்டார்கள். ஞானத்தந்தை பாஸ்காத் திரி என்ற பெரிய மெழுகுதிரியிலிருந்து ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்திக்கொண்டு வந்தார்.

பின் பெஞ்சுகளில் முணுமுணுப்பு தொடங்கியது. சொந்தக்காரப் பெண் ஒருத்தி எல்லாருக்கும் கேட்கும்படி, "எந்தா, வெள்ளம் ஊத்தல்லியே? இது என்ன ஞானஸ்நானம்?" என்றாள்.

முதல் பெஞ்சிலிருந்து மாமியார் எழுந்து திரும்பினார். முகம் சிவந்திருந்தது. "வெள்ளமெல்லாம் நேரத்தே ஊத்தியாச்சு!" என்றார். "அந்தா இருக்காங்களே, அந்த சிஸ்டராக்கும் ஊத்தினது. எனக்க பிள்ளை மூச்சு முட்டிக் கிடந்தப்போ நீயா வந்தே?"

நூற்றைம்பது தலைகள் என் பக்கம் திரும்பின. என் கணவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். ஞாபகம் இல்லை என்று சொல்லச் சொல்லி மீன் கொண்டு வந்த அதே அம்மாதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. சிரிப்பும்.

எல்லாரும் சாப்பாட்டுப் பந்தலுக்கு நகர்ந்தபோது அவள் என்னிடம் வந்தாள். ஒரு கையில் பிள்ளை, மறு கையில் அந்த ஞானஸ்நான மெழுகுவர்த்தி, தீப்பெட்டி. "கொஞ்சம் வாங்க," என்று மட்டும் சொல்லி சர்ச்சின் பின்பக்கம் நடந்தாள். கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில், மதிலை ஒட்டி, ஒரு முழ நீளத்தில் சின்னக் கல்லறை. வெள்ளை ஓடு பதித்து, சிமெண்டில் ஒரு சிலுவை. நான் அங்கே அதற்கு முன் போனதில்லை.

"அன்னைக்கு நீங்க எங்க நின்னீங்கன்னு எனக்கு ஞாபகம் உண்டு," என்றாள் அவள். "கட்டிலுக்கு வலது பக்கம். குழாய்க்குப் பக்கத்துல."

"ஆமா."

"மன்னிச்சிட்டேன்னு சொல்லலாம்னு இந்தப் பதினஞ்சு நாளும் நினைச்சேன். வாயில வரல்ல."

"வேண்டாம், மக்கா. அதைக் கேட்கவும் நான் வரல்ல."

அவள் பிள்ளையைச் சரியாக அணைத்துக்கொண்டாள். "இனி எவளாவது கேட்டா, அச்சனுக்கு போன் போட்டாச்சுன்னு சொல்லப்படாது."

"சொல்ல மாட்டேன்."

நான் சொன்னதை எடை போடுகிறவள் மாதிரி என் முகத்தைப் பார்த்தாள். காற்று அடித்துக்கொண்டிருந்தது. மெழுகுவர்த்தியைப் பற்றவைக்க அவளுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. பிள்ளையை என்னிடம் நீட்டினாள்.